சௌரிராஜன்-மற்றவர்

அன்றைக்கும் சௌரிராஜனுக்குத்தான் செய்தி வந்தது.

பத்மாசனி அப்போது ஒரு கர்ப்பிணியின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த போன் இரண்டு முறை விட்டு விட்டு அதிர்ந்தது. கணவர் முகவரிக்கு எது வந்தாலும் அப்படித்தான் அதிர வேண்டும் என்று, அவர் காணாமல் போன வாரத்தில் அவளே வைத்த அதிர்வு அது. விரல் நரம்பின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"என்னக்கா, நரம்பு கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சும்மா. கையை இறுக்கி மூடிக்க."

ரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டபின் போனைப் பார்த்தாள். 'மதிப்பிற்குரிய சௌரிராஜன், தங்கள் விசைப்படகு எஞ்சினுக்கான வால்வு வந்து சேர்ந்தது.'

அவள் கணவருக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி வரும்.

செய்தியை, 'சௌரிராஜன்-மற்றவர்' என்று வால் ஒட்டிய இன்னொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, இனி இந்த அதிர்வைத் தாங்க உடம்பில் தெம்பு இல்லை என்று தோன்றியது. அதிர்வை நிறுத்தினாள்.

சௌரிராஜன் காணாமல் போய் ஏழு வருஷம் ஆகப் போகிறது. கூட்டுறவு சங்கத்துக்கு வேலைக்குக் கிளம்பியவர் சங்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. சண்டை கிடையாது, கடன் கிடையாது. குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தார். புகார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர் ஆறுதலாகத்தான் பேசினார்.

"இந்தக் காலத்துல பேரைத் திறக்காம ஒரு ஆளு எங்கம்மா இருக்க முடியும்? ரேஷன் வாங்கணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒரு லாட்ஜுல தங்கணும்னாக்கூட முகவரியைத் திறந்தாகணும். திறந்தார்னா அன்னைக்கே நமக்குத் தெரிஞ்சிடும்."

அவர் சொன்னது சரிதான். ஒரு காலத்தில் இணையத்தில் எந்தக் கதவைத் தட்டுவதானாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டியிருந்தது. பிறகு உலகத்தில் உள்ள எல்லா எழுத்துக்கும் வழி விட்டார்கள். அதற்குச் சில வருஷம் கழித்து, ஆளுக்கொரு முகவரி என்று அரசாங்கமே கொடுத்தது. அவரவர் பெயர், ஒரு புள்ளி, ஊர். அவ்வளவுதான். ஆங்கிலம் தெரியாத பத்மாசனியின் அம்மா 'பத்மாசனி.நாகை' என்று தானே அடித்து மகளுக்கு முதல் செய்தி அனுப்பிய அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ரேஷன், மருத்துவம், வேலை, வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக அந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்தது. பெயர்தான் முகவரி, முகவரிதான் ஆள்.

கணவர் அந்த முகவரியைத் திறக்கவே இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போய், போலீஸ்காரரும் மாறுதலாகிப் போனார். மனைவி என்ற முறையில் அவருக்கு வருவதைப் படிக்கவும் பிறருக்கு அனுப்பவும் அவளுக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். எதையும் மாற்றவோ மூடவோ உரிமை இல்லை. ஒன்றும் வராத அந்த முகவரிக்கு அவள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் கெஞ்சி எழுதினாள். பிறகு திட்டி எழுதினாள். அம்மா இறந்ததை எழுதினாள். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்ததை, ஆறிய பிறகு இடது கையால் ஊசி போடப் பழகிவிட்டதை எழுதினாள். கடைசியில் எழுத ஒன்றுமில்லாமல், இன்று மழை, இன்று வெயில் என்று எழுதினாள்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு முகவரிகள் இருக்கக் கூடாது. முதலில் பதிந்தவருக்கே அந்தப் பெயர். பின்னால் வந்தவருக்கு 'மற்றவர்' என்று ஒரு வால். சட்டம் வந்த மறுநாள் போன் இரண்டு முறை விட்டு விட்டு அதிர்ந்தது. கையிலிருந்த ரத்தக் குழாய்களைத் தட்டோடு கீழே போட்டுவிட்டு ஓடினாள். 'தங்கள் மகளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வந்து அழைத்துச் செல்லவும்' என்றிருந்தது. அவர்களுக்குக் குழந்தையே கிடையாது.

அன்றிலிருந்து இரண்டு வருஷமாக யாரோ ஒரு சௌரிராஜனின் வாழ்க்கை அவள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு எழுதுகிறவர்கள் வாலை மறந்துவிடுவார்கள். மறந்தால் அது நேரே இங்கே வந்துவிடும். மகளின் பரீட்சை மதிப்பெண், மாதா கோயில் அன்பியக் கூட்டம், வலை ஏலம், மச்சினனின் கோபம் எல்லாம் வந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு மூச்சு அளவு நேரம் 'அவர்தானோ' என்று நெஞ்சு எழுந்து, படித்ததும் விழும். எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து, அது ஓய்ந்துபோனது.

அதிர்வை நிறுத்திய பிறகு அந்தப் பக்கமே அவள் போகவில்லை. தூக்கம் கொஞ்சம் வந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் பரிசோதனைக் கூடத்துக்கு ஆளே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவள் எதையோ தேடப் போய் அதைத் திறந்துவிட்டாள். குவிந்து கிடந்தவற்றில் தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்தவை மூன்று. முதலாவது, கழுத்துக் கட்டியின் சதைப் பரிசோதனை முடிவு. இரண்டாவது, உடனே வரவும். மூன்றாவது, தாங்கள் வராததால் தங்கள் முறை ரத்து செய்யப்பட்டது.

முதலாவதில் இருந்த மருத்துவச் சொற்களின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். தினமும் அந்தச் சொற்களை உறையில் போட்டு ஒட்டுகிறவள் அவள். முதல் செய்தி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதை வால் ஒட்டி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. குடையை விரித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள்.

"சவுரியா? அந்த நீலத் தகர ஷெட்டுல பாருங்க" என்றார்கள்.

நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் கிரீஸ். எஞ்சினுக்குள் இருந்து தலையை எடுத்தபோது கழுத்தின் இடப்புறத்தில் அந்த வீக்கம் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒடிசாக்காரப் பையன் ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் பத்மாசனி. உங்களுக்கு வர்றதை அனுப்பி வைக்கிறவ."

அவன் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டான். "ஐயோ, நீங்களா அக்கா! உக்காருங்க. நாந்தான் ஒரு நாளு வந்து பார்க்கணும்னு... டேய், அந்த ஸ்டூலைப் போடு."

அவள் உட்காரவில்லை. போனை நீட்டினாள். அவன் படித்தான், புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் விளக்கினாள். சொல்லச் சொல்ல அவன் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"போய்க் கேட்டேன்க்கா. முடிவு அனுப்பிட்டோம், பாத்துக்குங்கன்னாங்க. என் முகவரியில ஒண்ணும் வரல. வரலேன்னா ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்னு நெனச்சுக்கிட்டேன்."

"தப்பு என்னுது தம்பி. ஒரு மாசமா நான் திறந்து பார்க்கல."

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கு என்னக்கா தலையெழுத்து, என் சங்கதியெல்லாம் படிக்கணும்னு? எங்கப்பா சவேரியாருக்கு நேந்துக்கிட்டு வச்ச பேரு. சவுரின்னா சவேரியாரு. உங்க வூட்டுக்காரருக்கு?"

"திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பேரு."

"பாருங்க. அதுவும் இதுவும் எங்கயோ. பதியற எடத்துல அடிச்ச பொண்ணு சௌ போடறதுக்குப் பதிலா, செ போட்டுப் பக்கத்துல ள போட்டிடுச்சு. பார்த்தா ஒண்ணுதான். மெஷினு ரெண்டும் வேற வேறன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு பேருக்கும் குடுத்திடுச்சு. அன்னைக்கே இந்தப் பேரு வேற ஒருத்தருக்கு இருக்குன்னு சொல்லியிருந்தா அப்பா பேரைச் சேத்துப் போட்டிருப்பேன். படகு லைசென்சு, புள்ளை ஸ்கூலு, வீடு எல்லாம் அந்தப் பேருல ஆனப்பறம் வந்து, நீ மற்றவர்ங்கறான்."

பையனின் பக்கம் தலையை ஆட்டிச் சிரித்தான். "இவன் கொடுத்து வச்சவன். இவன் பேரு ஒடியா எழுத்துல. இந்த ஊருல யாராலயும் அடிக்க முடியாது. இவனைப் புடிக்கணும்னா நேர்ல வந்தாத்தான் உண்டு."

அவள் கிளம்பும்போது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான். அந்தப் பேரை விட்டுக்குடுக்க வழி இருக்கா?"

"அவர் வந்தா எந்தப் பேரைச் சொல்லி உள்ள வருவார், தம்பி?"

மறுநாளே அவன் தஞ்சாவூருக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டான்.

தை பிறந்த பிறகு பெயர்முகவரி ஆணையத்திலிருந்து பத்மாசனிக்கு அழைப்பு வந்தது. உரிமையாளர் ஏழு வருஷம் காணாமல் இருந்தால், இறந்தவராகக் கருதி அந்தப் பெயரை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். செளரிராஜன்-மற்றவர் மனுப் போட்டிருந்தார். மனைவிக்கு ஆட்சேபணை இருந்தால் நேரில் சொல்லலாம்.

இருந்தது. பேருந்தில் போகும்போது என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். உடம்பு கிடைக்கவில்லை. எரிக்கவில்லை, பிண்டம் வைக்கவில்லை. ஒரு எழுத்துப் பிழைக்காக அவரைச் சாகடிக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

விசாரணை அதிகாரி ஜமாலுதீனுக்குக் கடுமையான ஜலதோஷம். மேசையில் சுக்குத் தண்ணீர் இருந்தது. ஓய்வு பெற நாளை எண்ணிக்கொண்டிருப்பவர் போல இருந்தார். சவுரி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். கழுத்தில் காதுக்குக் கீழிருந்து தொண்டை வரை புதுத் தழும்பு. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா" என்றான். குரல் பாதிதான் வந்தது. மீதி காற்றாகப் போனது.

"எப்படி இருக்கு?"

"எடுத்துட்டாங்க. கேன்சருக்குக் கரண்டு வைக்கிறாங்க இன்னும். முன்னாடியே வந்திருந்தா குரல் நரம்பைத் தொட்டிருக்க வேண்டாமாம்." சொன்னபிறகு அவள் முகத்தைப் பார்த்து, "அத விடுங்க, மூச்சு இருக்குல்ல" என்றான்.

ஜமாலுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, முதல்ல நான் ஒரு விஷயம்..."

"நான் பேசிடறேன் சார். இல்லேன்னா பேச வராது." அவள் உட்காராமலேயே சொன்னாள். "மறுக்கணும்னுதான் வந்தேன். அவர் இருக்கார்னு எனக்குத் தெரியாது. இல்லேன்னும் தெரியாது. இவர் இருக்கார்ங்கறது தெரியும். ஒரு மாசம் நான் கண்ணை மூடிக்கிட்டதுக்கு இவர் குரலைக் கொடுத்திருக்கார். பேரைக் கொடுத்துடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

சொல்லி முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷமாகத் தூக்கிக்கொண்டு நின்றதை இறக்கி வைத்தாயிற்று என்று தோன்றியது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

அதிகாரி சுக்குத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். அவளை நேராகப் பார்க்கவில்லை.

"உங்க சம்மதம் தேவைப்படலம்மா."

"புரியல."

"ஒரு மனு வந்தா, யார் பேரோ அவங்களுக்கும் அந்த முகவரிக்கே நோட்டீஸ் அனுப்பணும். சட்டம் அப்படி. அதை உரிமையாளர் மட்டும்தான் பார்க்க முடியும், உங்களுக்குக் காட்டாது. இந்த மாதிரி வழக்குல எப்பவும் பதிலே வராது. சும்மா சடங்குக்குத்தான் அனுப்பறது." நிறுத்தினார். "பதில் வந்திருக்கு. பேரை மனுதாரருக்கு விட்டுக்கொடுக்கிறதா அவரே சொல்லியிருக்கார். குரலைச் சோதிச்சாச்சு. அவர்தான்."

சவுரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவன் அப்படியே நின்றான்.

"இருக்காரா?" என்றாள்.

"இருக்கார்."

"எங்க?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைம்மா. நீங்க தேடினதுல தப்பில்ல. தமிழ்ல தேடினீங்க. அவர் எழுத்து மாறிட்டார். யார் வேணும்னாலும் வேற எழுத்துல, வேற பேர்ல ஒரு முகவரி எடுத்துக்கலாம். ஒரு எழுத்துல இருக்கறவங்க இன்னொரு எழுத்துக்காரங்க தேடினா அகப்படமாட்டாங்க. சின்ன சின்ன மொழிக்காரங்களை மத்தவங்க தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வச்ச பாதுகாப்பு அது. ஆனா இப்படியும் பயன்படுத்தறாங்க."

"எந்த எழுத்து?"

"அம்மா..."

"மலையாளமா? கன்னடமா?" கேட்டுவிட்டுத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "சொன்னாலும் எனக்குப் படிக்கத் தெரியாது."

அவர் தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டார். போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய ஒன்றை, சொல்லாமலிருக்க முடியாமல் சொன்னார். "பழைய முகவரியைப் புதுசோட இணைச்சு வச்சிருந்தார். ஆரம்பத்துலேயே."

"அப்படின்னா?"

"இங்க வந்தது எல்லாம் அவருக்கு அங்கயும் போயிருக்கும். அவர் படிச்சா உங்களுக்குத் தெரியாது."

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கெஞ்சியதோ திட்டியதோ அல்ல. இன்று மழை, இன்று வெயில் என்று எழுதியவைதான். தன் ஊர் மழையை அவர் ஏதோ ஒரு வெளியூரில் உட்கார்ந்து படித்திருக்கிறார். அம்மா இறந்ததைப் படித்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்ததைப் படித்திருக்கிறார். சவுரியின் கழுத்தைப் பற்றி மருத்துவமனை மூன்று முறை எழுதியதையும் பார்த்திருப்பார். அந்த ஒரு மாதம் தான் மட்டும்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள்.

"வேற ஏதாவது சொல்லியிருக்காரா சார்?"

"ஒரு வரிதான்ம்மா. பேரை விட்டுக்கொடுக்கிறேன்னு."

"குரல் நல்லா இருந்துச்சா?"

அந்தக் கேள்விக்கு எந்த விதியிலும் தடை இல்லை போலிருக்கிறது. ஜமாலுதீன் கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு. தெளிவா இருந்துச்சு."

"சரி" என்றாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. படியிறங்கும்போது சவுரி பின்னாலேயே வந்தான். அவளுக்குச் சமமாக நடக்காமல் ஓர் அடி பின்தங்கியே வந்தான், ஏதோ குற்றம் செய்தவன் போல.

"அக்கா, எனக்கு அந்தப் பேரு வேண்டாம்னு எழுதிக் குடுத்திடறேன். வாலோடயே இருந்துக்கறேன். மனசு கேக்கல."

"எதுக்கு? உன் பேருதானே. எடுத்துக்க."

"நான் மனுப் போடாம இருந்திருந்தா உங்களுக்கு இது தெரியாமலே இருந்திருக்கும்ல."

அவள் நின்று அவனைப் பார்த்தாள். பேசிப் பேசி அவன் குரல் இன்னும் இறங்கியிருந்தது. உதடு அசைவைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ரொம்பப் பேசாதே. கரண்டு வச்சு முடியற வரைக்கும் தொண்டைக்கு ஓய்வு வேணும். டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன."

பேருந்து நிறுத்தம் எதிரில் இருந்தது. இருவரும் சாலையைக் கடந்து நிழலில் நின்றார்கள். அவன் போனைப் பார்த்தான். வால் அறுந்து, வெறும் செளரிராஜன் என்று அதில் வந்துவிட்டிருந்தது. அவள் பார்த்துவிடக் கூடாது என்பது போலச் சட்டென்று பைக்குள் போட்டான். அவளும் தன் போனை எடுத்தாள். கணவர் முகவரி இருந்த இடத்தில், 'இதைப் பார்க்கத் தங்களுக்கு உரிமை இல்லை' என்று இருந்தது. அதை ஒரு முறை படித்துவிட்டு, அவளும் பைக்குள் வைத்துக்கொண்டாள். மத்தியானம் சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அதற்குள் கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

பேருந்து தூரத்தில் வரும்போது அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

"அக்கா, இனிமே எல்லாம் எங்கிட்டதான் வரும். அவருக்குன்னு யாராவது ஏதாவது எழுதினா, ஒண்ணு விடாம உங்களுக்கு அனுப்பிடறேன். நீங்க எனக்கு செஞ்ச மாதிரி."

"வராது தம்பி" என்றாள் பத்மாசனி, படியில் காலை வைத்தபடி. "அவருக்கு எழுதிக்கிட்டிருந்தது நான் ஒருத்திதான்."